தணிக்கைக்கு வந்த எண்

(கருவூலத் தணிக்கையாளராக இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா, சி மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் அண்ணன் மகள் கயல்விழியின் திரையை எட்டிப் பார்க்கிறார்.)

சித்தப்பா: -1 என்பது 2147483648-ஐ விடச் சிறியதா என்று நீ கேட்டதற்கு "ஆம்" என்று வந்திருக்கிறது. அடுத்த வரியில் அதே தொகையை வேறு விதமாக எழுதிக் கேட்டதும் "இல்லை" என்று வந்திருக்கிறதே, இது எந்த ஊர்க் கணக்கு?

கயல்விழி: அடுத்த வரியில் அதை 0எக்ஸ்80000000 என்று, பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையில் எழுதியிருக்கிறேன், சித்தப்பா. மதிப்பு ஒன்றுதான் என்றாலும், எழுதிய முறையையும் பார்த்துத்தான் சி மொழி ஒரு மாறிலிக்கு, அதாவது நிரலில் நேரடியாக எழுதும் எண்ணுக்கு, வகை கொடுக்கும். முழு எண்ணுக்கான வழக்கமான வகையாகிய இண்ட் 32 பிட்டாக உள்ள கணினியில் பதின்ம எண் 2147483647-ஐத் தாண்டினால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் முதலில் லாங் என்ற வகையிலும், அது கொள்ளாவிட்டால் லாங் லாங்கிலும் இடம் தேடும். இவை எல்லாமே குறியுள்ள வகைகள், அதாவது கழித்தல் எண்களையும் ஏற்பவை. பதினறும எண்ணுக்கோ இண்ட்டுக்கு அடுத்த இடமே, கழித்தல் எண்களுக்கு இடமில்லாத அன்சைன்டு இண்ட்தான்.

சித்தப்பா: எங்கே வேண்டுமானாலும் உட்காரட்டும். -1 எப்படிப் பெரிதாகும்?

கயல்விழி: அன்சைன்டு எண்ணோடு ஒப்பிடும்போது -1-உம் அந்த வகைக்கு மாற்றப்பட்டு 4294967295 ஆகிவிடும்.

சித்தப்பா: ஒரு ரூபாய் கடன்காரன், எதிரில் நின்றவனைப் பார்த்த மாத்திரத்தில் 429 கோடிக்கு அதிபதியாகிவிட்டான்! சரி, இங்கே 010 என்று போட்டிருக்கிறாயே, அதுவாவது பத்துதானே?

கயல்விழி: எட்டு. முன்னால் சுழியம் வந்தால் அது எட்டை அடியாகக் கொண்ட எண்ம எண்.

சித்தப்பா: எவனும் முன்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிடக் கூடாது என்று பணிக்காலம் முழுவதும் தொகைக்கு முன் சுழியம் போட்டவன் நான். உன் மொழிப்படி ஒவ்வொரு பத்திலும் இரண்டு ரூபாயைக் கையாடியிருக்கிறேன்! 08 என்று எழுதினால்?

கயல்விழி: எண்மத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது என்பதால் கம்பைலர் பிழை என்று திருப்பிவிடும்.

சித்தப்பா: அப்பாடா, ஆட்சேபணை தெரிவிக்கவும் அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

கயல்விழி: கழித்தல் குறியும் மாறிலியைச் சேர்ந்ததன்று, சித்தப்பா. சி மொழிக்கு விதி வகுத்த 1989-ஆம் ஆண்டுச் செந்தரத்தின்படி, லாங்கும் 32 பிட்டாக இருந்த கணினிகளில் 2147483648 அன்சைன்டு லாங் ஆகிவிடும். அதற்குப் பிறகே கழித்தல் குறி செயல்படும் என்பதால் -2147483648 சுழியத்தை விடப் பெரிதாக இருந்தது. வகையைச் சொல்லும் பின்னொட்டு எழுத்து இல்லாத பதின்ம எண்களுக்கு அன்சைன்டு வகை கிடைக்காதபடி 1999-ஆம் ஆண்டுச் செந்தரம்தான் செய்தது. ஆனாலும் இண்ட்டின் மிகச்சிறிய மதிப்பை, நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகளில் இன்றும் -2147483647 - 1 என்றே எழுதி வைக்கிறார்கள். நேராக -2147483648 என்று எழுதினால் அதன் வகை இண்ட்டாக இராது.

சித்தப்பா: மொத்தத் தொகையை ஓரிடத்திலும், மிச்சம் ஒரு ரூபாயைத் தனியாகவும் எழுதுகிறவர்களைத்தான் நாங்கள் முதலில் பிடிப்போம். அந்தக் கோப்பை எழுதியவரை நாளைக் காலை 10 மணிக்கு, முன்னால் சுழியம் இல்லாத 10 மணிக்கு, விளக்கத்தோடு வரச் சொல்.