ஒரு டேபிளை ஒட்ட ஒரு நாளா?

22 வரிசை, 5 நெடுவரிசை. அவ்வளவுதான் அட்டவணை. எக்செல் மாதிரி ஒரு விரிதாளில் ஒழுங்காக இருந்ததை காப்பி செய்து, இணையப் பக்கம் வடிவமைக்கும் கருவியில் பேஸ்ட் செய்தேன். அப்போது காலை 10 மணி. சாயங்காலம் வரை அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வயிறு எரிகிறது.

ஒட்டியதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைபேசியில் திறந்தால் பாதி அட்டவணை திரைக்கு வெளியே. பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுத்துரு, எழுத்தளவு, ஓரக்கோட்டின் தடிமன், பின்னணி நிறம் என்று முழ நீளத்துக்கு ஸ்டைல். அகலம் 640 பிக்சல் என்று ஆணியடித்து வைத்திருக்கிறது, கைபேசித் திரையோ 360. '12' என்று இரண்டு இலக்கம் காட்ட நாலைந்து வரி நிரல்! காலிக் கட்டத்தில்கூட கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி. இத்தனை குப்பையையும் சுமந்து வரத் தெரிந்த கருவிக்கு, முதல் வரிசை தலைப்பு என்பது மட்டும் தெரியவில்லை. எழுத்தைத் தடிமனாக்கிவிட்டு, சாதாரணக் கட்டமாகவே விட்டுவிட்டது. திரைவாசிப்பான் வைத்துப் படிக்கும் பார்வையற்றவருக்கு, எந்த எண் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று சொல்ல அந்தத் தலைப்புக் குறிதானே வேண்டும்?

சரி, வடிவமே வேண்டாம், வெறும் எழுத்தாக ஒட்டுவோம் என்று கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்தினேன். அட்டவணையே காணோம். 110 கட்டத்தில் இருந்ததும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஒரே பத்தியாக நிற்கிறது.

இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விரிதாளில் காப்பி செய்யும்போது, காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போர்டுக்கு ஒரே ஒரு பிரதி போவதில்லை. இணையப் பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல்லாக ஒன்று, வெறும் எழுத்தாக ஒன்று என்று பல வடிவங்கள் சேர்ந்தே போகின்றன. அந்த வெறும் எழுத்தில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே டேப் என்ற இடைவெளிக் குறி ஒன்று இருக்கிறது, வரிசை முடிந்தால் புது வரி இருக்கிறது. எது எந்த இடம் என்ற தகவல் முழுசாகக் கையில் இருக்கிறது! டேபை எண்ணி சுத்தமான அட்டவணை ஒன்று போட்டுத் தர என்ன கேடு? எச்டிஎம்எல் அட்டவணைக்கான வரையறையை 1996-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் 'குப்பையோடு எடுத்துக்கொள், இல்லாவிட்டால் அட்டவணையே இல்லை' என்று நம்மிடம் நீட்டினால் எப்படி?

கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாக வைக்கும் சிஎஸ்வி கோப்பாக இறக்கு என்கிறார்கள். அதையும் செய்தேன். போகிற வழியில் விரிதாளில் ஒருமுறை திறந்து சேமித்ததற்கே 0045 என்ற பொருள் எண் 45 ஆகிவிட்டது, '3-4' என்ற அளவு மார்ச் 4 ஆகிவிட்டது. விரிதாள்கள் தேதியாக மாற்றிவிடுகின்றன என்பதற்காக 'மார்ச்1' என்ற மரபணுவுக்கே 'மார்ச்எஃப்1' என்று பெயர் மாற்றி 2020-ல் அறிவித்தார்கள். நான் எந்தப் பெயரை மாற்றுவது?

அப்புறம் ஒரு புத்திமதி வரும் பாருங்கள், 'ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போட்டுவிடு' என்று. கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. படத்துக்குள் இருக்கும் எண்ணைத் தேட முடியுமா, காப்பி செய்ய முடியுமா? கைபேசியில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும். படிக்கிறவர்மேல் துளி அக்கறை இருந்தால் இந்த யோசனை வராது.

கடைசியில் 110 கட்டத்தையும் கையால் ஒவ்வொன்றாக அடித்தேன். பதினாறாவது வரிசையில் ஓர் இலக்கம் பிசகி, இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. மூலக் கோப்பில் அது சரியாகத்தான் இருந்தது. இன்றைக்கு அந்தக் கோப்பையே திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறார்கள். புதிதாக நடுவில் ஒரு நெடுவரிசை.