சமாதானப் பாடத்தில் முதல் வரிசை பெரியவர்களுக்கு

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஒரு வெட்டுக்குத்து நடந்தால் மறுநாளே இரண்டு கோரிக்கை வரும்: ரோந்தை அதிகப்படுத்துங்க, பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் போடுங்க. இரண்டும் வேண்டியதுதான். ஆனால் ஒரு சண்டையை எப்படி முடிப்பது என்பதைப் பிள்ளைகள் தெருக்குழாயடியிலும், சீட்டுப் பணத்துக்காக வாசலில் நடக்கிற கூச்சலிலும்தான் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே பெரியவர்கள் நாம் என்ன செய்கிறோமோ அதுதான் அவர்களுக்குப் பாடம். அமைதிக் கல்வி என்று ஒன்றைத் தொடங்கினால் முதலில் நாம் உட்கார வேண்டும் என்கிறேன்.

இல்லம் தேடிக் கல்வி 2021-ல் வந்ததிலிருந்து சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ‘நல்லா அடிச்சுப் படிக்க வைங்க மிஸ்’ என்று மர ஸ்கேல் வாங்கித் தந்த அப்பாக்களும் இருக்கிறார்கள். பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வதை அவர்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

ஒருநாள் காத்தாடி நூலுக்காக ஆறாவது படிக்கிற இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவனுக்கு உதடு கிழிந்துவிட்டது. அழவில்லை, ஆனால் வீட்டுக்குப் போகப் பயந்தான். ‘அடி வாங்கினு வந்தா எங்கம்மா உள்ளயே வுடாது மிஸ், திருப்பி அட்ச்சிட்டு வான்னும்’ என்றான். இன்னொருவன் அண்ணனைக் கூப்பிட என்னிடமே போன் கேட்டான். அண்ணன் வந்திருந்தால் இவனுடைய மாமாவும் வந்திருப்பார்.

இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். ஒருவன் சொன்னதை மற்றவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமா, அதான் சொன்னேன்’ என்று அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான் இவன் தன் பக்கத்தைப் பேசலாம். கொஞ்ச நேரம் வீம்புக்கு மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அப்புறம் உதடு கிழிந்தவன் சொன்னான்: ‘நூலு இல்ல மிஸ். எங்கப்பா ஜெயில்ல இருக்குன்னு எல்லார் எதிர்லயும் சொன்னான்.’ அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய முறை வந்ததும் மற்றவனுக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்குப் போன் போடுகிற பேச்சு அதோடு நின்றது.

உதடு கிழிந்தவனின் அம்மாவிடம் பேசியதுதான் கஷ்டம். ‘அடங்கிப் போனா ஏறி மிதிப்பாங்கம்மா’ என்றார். தனியாளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. அவரை மட்டும் மாறச் சொல்ல நமக்கு என்ன உரிமை? தெருவே சேர்ந்து மாறினால்தான் அவரால் பயமில்லாமல் மாற முடியும்.

இதைச் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர், வன்முறையும் தொற்றுபோலப் பரவுகிறது என்று சொல்லி 2000-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அந்தந்த ஏரியாவில் பேச்சுக்கு மரியாதை உள்ளவர்களுக்கே பயிற்சி கொடுத்து, பழிக்குப் பழி கிளம்பும் முன்னால் இரண்டு பக்கமும் பேச அனுப்பினார்கள். அவர்களில் முன்பு கும்பலில் இருந்து திருந்தியவர்களும் உண்டு. நம்மிடம் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமா? கேரம் கிளப் அண்ணன், ஃபுட்பால் கோச், மகளிர் குழு அக்கா, இவர்களுக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் எதுவும் கிளம்பாது.

இன்னொன்றையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். ‘சின்னப் பையன், சீக்கிரம் வெளிய வந்துருவான்’ என்று கணக்குப் போட்டுப் பிள்ளைகளை முன்னால் தள்ளிவிடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-வது பிரிவு அவர்களுக்காகவே இருக்கிறது: பிள்ளைகளைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம். கண்ணீர் அஞ்சலி பேனரில் ‘பழி தீர்ப்போம்’ பாணியில் வசனம் எழுதுகிறவர்களும் யோசிக்க வேண்டும். அதை எழுத்துக்கூட்டிப் படிப்பது மூன்றாவது படிக்கிற பிள்ளை.

காவல் துறையின் சிறார் மன்றங்கள் நல்ல வேலை செய்கின்றன, அவை பெருக வேண்டும். வார்டு அளவில் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. அதை மாதம் ஒருமுறை தெருவிலேயே கூட்டுங்கள், நான் சொன்ன அண்ணனையும் அக்காவையும் அதில் சேருங்கள், சண்டை தீர்க்கும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் பெரிதாக எழுதுங்கள். கவுன்சிலர்கள் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், இடம் பிடித்துத் தருவதும் ஆட்களைத் திரட்டுவதும் எங்கள் பொறுப்பு. பயிற்சி தரத் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.