குயரை விட்டுவிட்டீர்களே

டஜன், ஸ்கோர், குரோஸ் என்று ஆங்கில எண்ணிக்கைச் சொற்களைச் சுவையாக அடுக்கிய உங்கள் கட்டுரையில், தாளை எண்ணும் குயரைக் காணோம். பள்ளிக்கூடம் திறந்ததும் 'ரெண்டு குயர் நோட்டு வாங்கி வா' என்று கடைக்கு ஓடிய நம் தலைமுறைக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

குயர் என்பது 24 தாள். 20 குயர் சேர்ந்தால் ஒரு ரீம், அதாவது 480 தாள். பிறகு கணக்கு எளிதாகட்டும் என்று குயரை 25 ஆக்கினார்கள், ரீமும் 500 ஆனது. இப்போது ஜெராக்ஸ் கடையில் பிரிக்கிற கட்டு அந்த 500தான். வேடிக்கை என்னவென்றால், குயரின் மூலம் 'நான்கு நான்காக' என்று பொருள்படும் லத்தீன் சொல். கையெழுத்துப் பிரதிகளின் காலத்தில் நான்கு தாளை ஒன்றாக மடித்துத் தைத்தால் எட்டு ஏடு, பதினாறு பக்கம். நான்கு எப்படியோ இருபத்தைந்தாக வளர்ந்துவிட்டது! ரீம், கட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து ஸ்பெயின் வழியாக வந்தது.

அப்புறம், ஸ்கோர் என்றால் 20 என்று சொன்ன இடத்தில் அமெரிக்க அதிபர் லிங்கனையும் சேர்த்திருக்கலாம். 1863இல் கெட்டிஸ்பர்க் உரையை 'நான்கு ஸ்கோரும் ஏழும்' ஆண்டுகளுக்கு முன் என்றுதான் தொடங்கினார். 87 ஆண்டு, கழித்துப் பாருங்கள், 1776 வரும், அமெரிக்க விடுதலைப் பிரகடனம். கீறல் போடுவதுதான் ஸ்கோரின் பழைய பொருள். ஆடுகளை எண்ணும்போது இருபதுக்கொரு கீறல் குச்சியில் போட்டதால் வந்தது என்பார்கள்.

குரோஸ் 144 சரி. பன்னிரண்டு குரோஸுக்கும் தனிப்பெயர் உண்டு, கிரேட் குரோஸ்: 1728. அதையும் அடுத்த முறை சேருங்கள்.