படம் இருக்கிறது, வேற்றுமை உருபு எங்கே?

பேச்சு வராத குழந்தைகளுக்காகத் தயாரிக்கும் படப்பலகைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பல பலகைகளில் பெயர்ச்சொல் மட்டும்தான் இருக்கிறது. தண்ணீர், இட்லி, பந்து, பாத்ரூம், அம்மா. இவற்றைக் கொண்டு ஒரு குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கலாம். நடந்ததைச் சொல்ல முடியாது, மறுக்க முடியாது, எதிர்க்கேள்வி கேட்க முடியாது. படம் சேர்த்தால் மொழி வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம்.

அண்ணன், தம்பி, அடி என்று மூன்று படங்களைக் குழந்தை வரிசையாகத் தொடுகிறது. யார் யாரை அடித்தார்கள்? ஆங்கிலத்தில் முதலில் வருபவர் அடித்தவர், கடைசியில் வருபவர் அடிவாங்கியவர், வரிசையே இலக்கணம். தமிழில் "அண்ணன் தம்பியை அடிச்சான்", "தம்பியை அண்ணன் அடிச்சான்" இரண்டும் ஒரே செய்திதான். அதைத் தீர்மானிப்பது "ஐ" என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்துக்குப் பலகையில் கட்டம் இல்லையென்றால், புகார் சொல்ல வந்த குழந்தையே குற்றவாளி ஆகிவிடும்.

குறியீடுகளுக்கும் இலக்கணம் வேண்டும் என்பதை மிகத் தெளிவாகப் புரிந்துகொண்டவர் சார்லஸ் ப்ளிஸ். 1897-ல் செர்னோவிட்ஸில் பிறந்தவர், நாஜிகளின் புகன்வால்ட் முகாமிலிருந்து விடுதலையாகி, பிறகு ஷாங்காய் போனவர். அங்கே கடைப்பலகைகளில் பார்த்த சீன எழுத்துதான் அவருக்குப் பொறி. வெவ்வேறு மொழி பேசுபவர்கள் ஒரே எழுத்தைப் பார்த்து ஒரே பொருளை வாசிக்கிறார்களே என்று யோசித்து, 1949-ல் தன் குறியீட்டு மொழியை வெளியிட்டார். இதயப் படம் என்றால் உணர்வு. அதோடு மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி, கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துக்கம். முக்கியமான வேலை படத்தின் தலைக்கு மேலே நடக்கிறது: சின்னக் கூரைபோல ஒரு குறி இட்டால் அது வினை, அதையே தலைகீழாக இட்டால் பண்பு, குட்டிச் சதுரம் இட்டால் பொருள், பெருக்கல் குறி இட்டால் பன்மை. 1971-ல் டொரோண்டோவில் ஷெர்லி மெக்நாட்டன் குழு பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகள் பலகையில் இல்லாத சொற்களையும் தாங்களே கட்டினார்கள். உலக சமாதானத்துக்காக உருவாக்கிய மொழி கடைசியில் இந்தக் குழந்தைகளுக்குத்தான் உதவியது.

படங்களைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் செயலியைச் சென்னையில் உருவாக்கிய அஜித் நாராயணன் 2013-ல் டெட் மேடையில் வேறொரு வழி காட்டினார். சொற்களை வரிசையில் அடுக்காமல் யார், எதை, எப்போது, எங்கே என்ற கேள்விகளால் வினையோடு இணைத்துவிட்டால், வாக்கியத்தை எந்த மொழியிலும் கணினி கட்டிக்கொள்ளும். யாரை, யாருக்கு, யாரோடு என்று நம் பள்ளிக்கூடத்தில் வேற்றுமை நடத்துவதும் இப்படித்தானே! தமிழுக்கு இந்தச் சிந்தனை அந்நியமே இல்லை. ஆனாலும் ஆங்கிலப் பலகையின் கட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லை மட்டும் மாற்றுகிறார்கள். விளைவு "நான் வேணும் தண்ணி".

அந்தத் தொடரில் இரண்டு தவறுகள். வினை நடுவில் நிற்பது முதல் தவறு. அதைவிட மோசம் "நான்". வேணும், பசிக்குது, வலிக்குது, பிடிக்கும், தெரியும், தூக்கம் வருது எல்லாமே "எனக்கு" கேட்கும் வினைகள். சின்னக் குழந்தை முதலில் சொல்ல விரும்புவது இவற்றைத்தான். ஆகவே தமிழ்ப் பலகையின் முதல் கட்டம் "எனக்கு". "நான்" அதற்கு அடுத்தது.

கையால் செய்கிறவர்களுக்கு ஒரு அளவு. ஏ3 தாளைப் படுக்கைவாட்டில் வையுங்கள். 5 செ.மீ. சதுரங்களாக 8 நெடுவரிசை, 5 கிடைவரிசை, மொத்தம் 40 கட்டம். இடமிருந்து முதல் இரண்டு நெடுவரிசை மஞ்சள்: எனக்கு, நான், உனக்கு, நீ, அம்மா, அப்பா, டீச்சர், யாரு, என்ன, எங்க. அடுத்த இரண்டு ஆரஞ்சு, பெயர்ச்சொற்கள். ஐந்தாவது வெள்ளை: ஐ, க்கு, ல, கூட, இருந்து. ஆறும் ஏழும் பச்சை, வினைகள். கடைசி நெடுவரிசை மறுப்பு. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை ஆகியவை ஏஏசி துறையில், அதாவது பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் வரும் வழிகளைக் கையாளும் துறையில், புழங்கும் ஃபிட்ஜெரால்ட் நிறமுறை: சொல்வகைக்கு ஒரு நிறம். உங்கள் தெரபிஸ்டுக்குத் தெரிந்திருக்கும். படங்களுக்கு ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு நடத்தும் அராசாக் தளம் போதும். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசம். லேமினேஷன் பளபளப்பில்லாத தாளாக இருக்கட்டும், ட்யூப்லைட் பட்டால் படம் தெரியாமல் போய்விடும்.

"ஐ"யை எல்லா இடத்திலும் வற்புறுத்த வேண்டாம். "தண்ணி குடி" என்பதற்கு உருபு தேவையில்லை. மனிதர்களும் விலங்குகளும் செயப்படுபொருளாக வரும்போது மட்டும் கட்டாயமாக்குங்கள். காலத்துக்கும் இடைநிலைகள் வேண்டாம். நேத்து, இப்ப, நாளைக்கு என்று மூன்று அட்டைகளைப் பலகையின் மேல்விளிம்பில் ஒட்டினால் போதும், "நேத்து, கடை, க்கு, போ" என்று குழந்தை தொட்டால் "நேத்து கடைக்குப் போனியா?" என்று முழு வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.

நான் பிடிவாதமாக நிற்கும் இடம் மறுப்பு வரிசை. சிவப்புப் பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு "நோ" என்று முடித்துவிடுகிறார்கள். தமிழில் அது ஒரு சொல் அல்ல. இல்ல, வேண்டாம், மாட்டேன், முடியல, தெரியல. ஐந்தும் ஐந்து பொருள். சட்டை போடச் சொன்னால் குழந்தை சிவப்புக் குறியைத் தொடுகிறது. தோள் இறுகி "முடியல" என்கிறதா, "மாட்டேன்" என்கிறதா? ஒரே குறியாக இருந்தால் பெரியவர்கள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள், அடம் என்று பெயரும் வைப்பார்கள். வலியில் இருக்கும் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம். தனித்தனிப் படம் வையுங்கள்: தள்ளும் கை வேண்டாம், திரும்பிய முகம் மாட்டேன், தொங்கும் கை முடியல, விரித்த கைகள் தெரியல, காலிக் கிண்ணம் இல்ல. எல்லாம் கடைசி நெடுவரிசையில், ஏனென்றால் நம் வாக்கியத்தில் மறுப்பு கடைசியில்தான் வரும்.

பலகை தோற்றுப்போவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். "இட்லி எது, காட்டு" என்று பரீட்சை வைப்பார்கள். அதை விட்டுவிட்டு, நீங்கள் பேசும்போதே கட்டங்களைத் தொட்டுப் பேசுங்கள். குழந்தை ஒரு படம் தொட்டால் நீங்கள் இரண்டு தொடுங்கள், இரண்டு தொட்டால் மூன்று. பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். உருபுக் கட்டத்தைக் குழந்தை தானாகத் தொட மாதக்கணக்கில் ஆகலாம், அதற்காக எடுத்துவிடாதீர்கள்.

புதுச் சொல் வந்தால் பழைய கட்டங்களை நகர்த்தவும் கூடாது. டைப் அடிக்கிற விரல்போல, குழந்தையின் கை இடத்தை நினைவில் வைத்திருக்கும். சாப்பாடு, பள்ளி, உடம்பு என்று பக்கம் மாறும்போது ஆரஞ்சுப் பத்துக் கட்டம் மட்டும் மாறட்டும், மற்ற முப்பதும் அங்கேயே இருக்கட்டும். மூன்று பிரதி எடுங்கள்: வீட்டுக்கு, பள்ளிக்கு, பையில் வைக்க. சேட்டை செய்தால் பலகையைப் பிடுங்கி அலமாரியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பேசும் பிள்ளையின் வாயைக் கட்டுவோமா?