பெயரைத் திருப்பிப் பார்க்க வேண்டும்

தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமின் அடிமைப் பதிவேடுகள் 2018 முதல் இணையத்தில் கிடைப்பதால் குடும்ப வேர்களைத் தேடுவது எளிதாகிவிட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உண்மைதான். ஆனால் இன்றைய குடும்பப்பெயரை வைத்துக்கொண்டு நேராக அதில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். 1830 முதல் 1863 வரையிலான அந்தப் பதிவேடுகளில் அடிமைகளுக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஒரே ஒரு பெயர், பிறந்த ஆண்டு, தாயின் பெயர், யாருடைய உடைமை என்ற விவரம், அவ்வளவுதான். தகப்பன் பெயருக்கு அங்கே இடமே இல்லை. அதனால் தாய்வழியாகத்தான் மேலே ஏற முடியும்.

குடும்பப்பெயர் வந்தது 1863 ஜூலை 1 அன்று, அடிமைமுறை ஒழிந்து விடுதலை கிடைத்தபோது. முதலாளியின் பெயரை அப்படியே வைக்க முடியாது என்பதால் சிலருக்கு அதன் எழுத்துகளை மாற்றிப் போட்டார்கள். டி வ்ரீஸ் என்பது வ்ரீஸ்டே ஆனது. வில்கென்ஸ் என்பது கென்ஸ்வில் ஆனது. சொந்தப் பெயருக்குள்ளேயே முதலாளியின் பெயர் தலைகீழாக ஒளிந்திருக்கிறது என்று நினைத்தாலே மனசு கனத்துப் போகிறது.

சரி, தேடுகிறவர்கள் முதலில் 1863 விடுதலைப் பதிவேட்டைப் பாருங்கள். அங்கே குடும்பப்பெயரோடு தோட்டத்தின் பெயரும் கிடைக்கும். அப்புறம் அந்தத் தோட்டத்தின் அடிமைப் பதிவேட்டுக்குப் போய், பிறந்த ஆண்டையும் தாயின் பெயரையும் ஒப்பிடுங்கள். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருக்கலாம், அவசரப்பட வேண்டாம். இன்னொன்று: ஒவ்வொரு அடிமைக்கும் 300 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) நஷ்டஈடு கொடுத்தது டச்சு அரசு. அது போனது முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களோ இன்னும் பத்து ஆண்டுகள், 1873 வரை, அரசுக் கண்காணிப்பில் ஒப்பந்த வேலை செய்தார்கள். இதையும் அந்தக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.