பிரிவு 8 கம்பெனிக்கு வெளிநாட்டுப் பணம் தானாக வருமா?

“பிரிவு 8 கம்பெனி தொடங்கினால் போதும், வெளிநாட்டு நன்கொடை நேரே வரும், லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்” என்று மயிலாப்பூர், வேளச்சேரி வாட்ஸப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு.

பிரிவு 8 கம்பெனி என்பது கல்வி, தொண்டு போன்ற பொதுநல நோக்கத்துக்காகத் தொடங்கும் கம்பெனி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவே லாபப் பங்கீட்டைத் தடுக்கிறது. டிவிடெண்டே கிடையாது. மிஞ்சுவது நோக்கத்துக்கே செலவாக வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்துக்கு 2010 வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டு செயல்பாடு, அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். பணம் முதலில் இறங்குவது ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில்தான். சென்னையிலுள்ள உங்கள் சேமிப்புக் கணக்கில் அல்ல. (கணக்கு தொடங்க தில்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை, உள்ளூர்க் கிளை வழியாகவே முடியும்.)

சட்டத்தை அரசின் இந்தியா கோட் தளத்திலும், பதிவு விவரத்தை எஃப்சிஆர்ஏ இணையதளத்திலும் பார்க்கலாம். அந்த வாட்ஸப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.