எரெக்டர் ஸ்பைனே பிளாக் எபிடியூரலுக்கு முழு மாற்று அன்று

“நுரையீரல் அறுவைக்குப் பின் எரெக்டர் ஸ்பைனே பிளாக் ஒன்றே போதும், அது எபிடியூரலுக்கு எல்லா வகையிலும் சமம், வேறு வலி மருந்தே வேண்டாம்” என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருப்பது சரியன்று. அறுவைக்குத் தயாராகும் நோயாளிகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் திருத்துகிறேன். எபிடியூரல் என்பது தண்டுவட உறைக்கு வெளியே மரப்பு மருந்து செலுத்தி வலியைத் தடுக்கும் முறை; எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்பது முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் அம்மருந்தைச் செலுத்தும் முறை.

2016இல் விவரிக்கப்பட்ட இம்முறையில், அல்ட்ராசவுண்ட் திரையில் வெண்கோடாகத் தெரியும் முள்ளெலும்பின் பக்க நீட்சியில் ஊசி நுனியை நிறுத்தி மருந்தைச் செலுத்தினால், தசை மெல்ல மேலெழும்புவதைக் காணலாம். நுரையீரல் உறையிலிருந்து விலகியிருப்பதால் இது பாதுகாப்பானது, எளிதும்கூட. ஆனால் நரம்புகள் வெளிவரும் பாராவெர்டிப்ரல் இடைவெளிக்குள் மருந்து எவ்வளவு பரவும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பாராவெர்டிப்ரல் பிளாக்கிலோ மருந்து அவ்விடத்திலேயே செலுத்தப்படுகிறது.

சிறு துளை வழியே கேமரா கொண்டு செய்யும் அறுவைக்கு, அறுவைக்குப் பிந்தைய வலிக்கான, 2022இல் வெளியான ப்ராஸ்பெக்ட் பரிந்துரைகள் எரெக்டர் ஸ்பைனே, பாராவெர்டிப்ரல் பிளாக்குகளை முதல் தேர்வாகவும், மார்பின் பக்கவாட்டுத் தசையை ஒட்டிப் போடும் செர்ரேட்டஸ் பிளாக்கை அடுத்ததாகவும் வைக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அவையே பாராசிட்டமாலையும் அழற்சி எதிர்ப்பு மருந்தையும் தொடர்ந்து கொடுக்கச் சொல்கின்றன.

விலா எலும்புகளை அகட்டிச் செய்யும் திறந்த அறுவை வேறு. அங்கே எபிடியூரலும், கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியே மருந்து தொடர்ந்து செல்லும் பாராவெர்டிப்ரல் பிளாக்கும்தான் முதன்மையானவை. பின்னதில் இரத்த அழுத்த வீழ்ச்சியும் சிறுநீர்த் தேக்கமும் குறைவு. ஒருமுறை மட்டும் போடும் ஊசியின் பலன் சில மணி நேரத்தில் குறையத் தொடங்கும். மறுநாள் காலை, மார்புக் குழாய் இருக்கும் பக்கத்தைக் கையால் அழுத்திக்கொண்டு சளியை இருமி வெளியேற்ற வேண்டியவருக்கு அது போதாமல் போகலாம்.